வயிற்றில் ஆபரேஷன், தோளில் ஏன் வலி?

நான் செவிலியராக வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு. இரவுப் பணி. அன்று காலையில் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுத்திருந்த ஓர் அம்மாவுக்கு, இரவு பத்து மணிக்கு மேல் வலது தோளில் வலி ஆரம்பித்தது. முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தபடி, இடது கையால் வலது தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். “சிஸ்டர், வயிறு அவ்வளவாக வலிக்கவில்லை. தோள்தான் உயிர் போகிறது. ஆபரேஷன் நடக்கும்போது கையை யாராவது முறுக்கிவிட்டார்களா?” என்று கேட்டார். மகன் பக்கத்தில் நின்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“கேஸ்தான் அம்மா, சரியாகிவிடும்” என்றேன். வார்டில் எல்லோரும் சொல்லும் வார்த்தை அது. எந்த கேஸ், எங்கே இருக்கிறது, தோளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. மகன் மட்டும் புரிந்துகொண்டதுபோலத் தலையாட்டிவிட்டுக் கீழே போய்ச் சோடா வாங்கி வந்தார். இரண்டு ஏப்பம் வந்தால் வாயு இறங்கிவிடும் என்பது அவர் கணக்கு. நம் வீடுகளில் எல்லோருடைய கணக்கும் அதுதான்.

அந்த நேரத்தில் மூத்த சிஸ்டர் வந்தார். சோடா பாட்டிலை வாங்கி ஜன்னல் திட்டில் வைத்தார். நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு மூன்றையும் பார்த்தார். நெஞ்சை அழுத்துகிறதா, மூச்சு வாங்குகிறதா, வியர்க்கிறதா என்று கேட்டார். பணி மருத்துவரிடம் சொல்லி ஈசிஜி எடுக்க வைத்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு இரண்டு தலையணைகளையும் உருவிவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் இருந்த இரும்புக் கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தை மட்டமாக இறக்கினார். ஒரு தலையணையை முழங்காலுக்கு அடியில் கொடுத்தார். அவ்வளவுதான் செய்தார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, “குறைந்துவிட்டது கண்ணு” என்றார்.

வயிற்றில் செய்த ஆபரேஷனுக்குத் தோள் ஏன் வலித்தது, தலையணையை எடுத்ததும் ஏன் குறைந்தது என்று அன்று விடிகிற வரை யோசித்துக்கொண்டிருந்தேன். அதன்பின் படித்ததையும் பல ஆண்டுகள் வார்டில் பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தால், இதை முன்கூட்டியே படித்துவிடுவது நல்லது. காரணம் தெரியாமல் வலிக்கும்போது வலியைவிடப் பயம்தான் ஆளை அதிகம் வாட்டுகிறது.

எந்த கேஸ்?

பழைய முறையில் வயிற்றை நீளமாகக் கிழித்துத் திறந்து, மருத்துவர் நேரடியாகப் பார்த்து ஆபரேஷன் செய்வார். லேப்ராஸ்கோப்பியில் மூன்று நான்கு சிறு துளைகள் மட்டும்தான். ஒவ்வொன்றும் சுமார் 5 முதல் 12 மில்லிமீட்டர் இருக்கும். ஒரு துளை வழியாகக் கேமரா போகும், மற்றவற்றின் வழியாகக் கருவிகள் போகும். ஆனால் வயிற்றுக்குள் காலி இடம் என்று ஒன்று கிடையாது. குடல், கல்லீரல், இரைப்பை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, வயிற்றுச் சுவரைத் தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. மடித்து வைத்த கூடாரத்துக்குள் கேமராவை நுழைத்து என்ன பார்க்க முடியும்? கூடாரத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும். அதற்குத்தான் வாயுவைச் செலுத்துகிறார்கள். சில லிட்டர் வாயு உள்ளே போனதும் வயிற்றுச் சுவர் மேலே எழும்பி, உள்ளுறுப்புகளுக்கு மேல் வேலை செய்ய இடம் கிடைக்கிறது. அழுத்தம் வழக்கமாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். நாம் பிபி பார்க்கும்போது 120, 80 என்று சொல்கிறோமே, அதே அளவுகோல்தான்.

அந்த வாயு கார்பன் டை ஆக்சைடு. 1901-இல் ஜெர்மனியில் கெல்லிங் என்ற மருத்துவர் ஒரு நாயின் வயிற்றுக்குள் சாதாரணக் காற்றை வடிகட்டிச் செலுத்தி உள்ளே பார்த்துக் காட்டினார். 1924-இல் சுவிட்சர்லாந்தின் ஸோலிகோஃபர், காற்றுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்தலாம் என்றார். இன்றுவரை அதுவே நிலைத்திருக்கிறது. ஆபரேஷனின்போது ரத்தக் குழாய்களை மின்சாரத்தால் சுட்டு அடைப்பார்கள். அப்போது தீப்பிடிக்காத வாயுவாக இருக்க வேண்டும், இது தீப்பிடிக்காது. தவறிப்போய் ரத்தக் குழாய்க்குள் கொஞ்சம் புகுந்தாலும், காற்றைப்போலக் குமிழியாக நின்று அடைத்துக்கொள்ளாமல் சீக்கிரம் கரைய வேண்டும். கார்பன் டை ஆக்சைடு ஆக்சிஜனைவிட ஏறக்குறைய இருபது மடங்கு எளிதாக ரத்தத்தில் கரையும். கரைந்தது நுரையீரலுக்குப் போய், நாம் விடும் மூச்சோடு வெளியேறிவிடும். உடம்புக்குப் பழக்கமான வாயு, ஒவ்வொரு மூச்சிலும் நாம் வெளியே விடுவதுதான்.

ஆபரேஷன் முடிந்ததும் துளைகளின் வழியாக இந்த வாயுவைத் திறந்து விட்டுவிடுவார்கள். ஆனால் முழுவதும் போய்விடாது. கொஞ்சம் உள்ளே தங்கும். மிச்சமிருப்பது மெல்ல ரத்தத்தில் கரைந்து, பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் போய்விடுகிறது.

இங்கேதான் சோடா வாங்கி வந்த மகன் தவறவிட்ட விஷயம் இருக்கிறது. இந்த வாயு குடலுக்குள் இல்லை. குடலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவே, குடலுக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து ஏப்பமாக மேலே வரவோ கீழே பிரியவோ வழியே கிடையாது. ஓமத் தண்ணீர், பெருங்காயம், சோடா, வாயு மாத்திரை எதுவும் அந்த இடத்தைத் தொடாது. ஆபரேஷனுக்குப் பிறகு குடல் மந்தமாகி வயிறு உப்பிக்கொள்வதும் உண்டுதான். அது வேறு தொல்லை, அதற்கு வேறு வைத்தியம். இரண்டையும் ‘கேஸ்’ என்ற ஒரே சொல்லால் நாங்கள் வார்டில் சொல்லிவிடுவதால்தான் இவ்வளவு குழப்பமும். தமிழில் ‘வாயு’ என்றாலே தோள்பிடிப்பு, முதுகுப்பிடிப்பு, வயிற்று உப்புசம் எல்லாம் சேர்ந்து மனதில் வந்துவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம் நான் ‘ஆபரேஷனுக்காக உள்ளே செலுத்திய காற்று’ என்று நீட்டித்தான் சொல்கிறேன்.

தோளுக்கு எப்படிப் போனது?

வாயு தோளுக்குப் போகவே இல்லை. பலர் அது தோள் மூட்டுக்குள் ஏறிவிட்டதாக நினைக்கிறார்கள். தோளில் எதுவும் கெட்டுப்போகவில்லை. கையைத் தூக்கலாம், சுழற்றலாம், அதனால் வலி அதிகமாகாது. அழுத்திப் பார்த்தால் இன்ன இடம் என்று புள்ளி வைத்துக் காட்டவும் முடியாது. ஆழ்ந்து மூச்சு இழுத்தால் மட்டும் சுரீர் என்று குத்தும். மூச்சுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் விடை கிடைத்துவிடும்.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோலக் கவிந்திருக்கும் தசைத் தட்டு ஒன்று உண்டு. உதரவிதானம் என்பார்கள். நாம் மூச்சு விடுவதே பெரும்பாலும் அது இறங்கி ஏறுவதால்தான். மிச்சமிருக்கும் வாயு எடை குறைந்தது. நாம் எழுந்து உட்கார்ந்தால் அது மேலே ஏறி, இந்தக் குடையின் அடிப்பக்கத்தில் போய்த் தேங்கும். வலப்பக்கத்தில் கல்லீரலுக்கும் உதரவிதானத்துக்கும் நடுவே ஓர் இடுக்கு இருப்பதால் அங்கே அதிகம் தங்குகிறது. அதனால்தான் வலது தோளில் வலிப்பவர்கள் அதிகம். இரண்டு தோளும் வலிப்பவர்களும் உண்டு.

அங்கே என்ன நடக்கிறது என்பதற்குச் சோடாவையே எடுத்துக்கொள்ளலாம். சோடாவில் இருப்பதும் இதே கார்பன் டை ஆக்சைடுதான். நாக்கில் சுருக்கென்று ஏறுகிறதே, அந்த வாயு ஈரத்தோடு சேர்ந்து மெல்லிய அமிலமாகிறது என்பதன் அடையாளம் அது. வயிற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் சவ்வு எப்போதும் ஈரமாக இருக்கும். அந்த ஈரத்திலும் இதே கார்பானிக் அமிலம் உண்டாகி, சவ்வை உறுத்துகிறது. அதோடு, ஆபரேஷனின்போது பலூன்போல ஊதப்பட்டதில் உதரவிதானம் இழுபட்டிருக்கிறது. கல்லீரலை அதோடு பிணைத்துவைத்திருக்கும் நார்களும் இழுபட்டிருக்கின்றன. நடுவில் வாயு புகுந்துவிட்டதால் கல்லீரலின் எடை அந்த நார்களில் தொங்குகிறது. உறுத்தலும் இழுவையும் சேர்ந்துதான் வலி.

சரி, உதரவிதானம் வலித்தால் உதரவிதானம் வலிக்கிறது என்று தெரிய வேண்டியதுதானே? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். தாயின் கருவில் நான்காவது வாரத்தில் உதரவிதானத்தின் முதல் தளிர் இருப்பது வயிற்றுக்கு மேலே அல்ல, கழுத்துக்கு நேராக. நரம்பு அங்கேயே அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு கரு வளர வளர உதரவிதானம் கீழே இறங்குகிறது. எட்டாவது வாரத்துக்குள் தன் இடத்துக்கு வந்துவிடுகிறது. நரம்பு அதை விடவில்லை, கூடவே நீண்டு வருகிறது. அதனால் வளர்ந்த மனிதரிலும் உதரவிதானத்தின் நரம்பு, கழுத்தின் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது நரம்பு வேர்களில் புறப்பட்டு, நெஞ்சுக் கூட்டுக்குள் இதயத்தின் ஓரமாக இறங்கி வருகிறது. ஃபிரெனிக் நரம்பு என்று பெயர். உதரவிதானத்தின் நடுப்பகுதியில் உண்டாகும் உணர்ச்சியும் அதே வழியாகக் கழுத்துக்குத்தான் ஏறுகிறது.

தோளின் மேல் தோலுக்கான நரம்புகள் எங்கே போய்ச் சேர்கின்றன? அதே கழுத்தின் மூன்றாவது, நான்காவது வேர்களில். இரண்டு ஊருக்கும் ஒரே பின்கோடு. மூளை பின்கோட்டை மட்டும்தான் படிக்கிறது. பிறந்ததிலிருந்து அந்தப் பின்கோட்டில் வந்த கடிதமெல்லாம் தோளிலிருந்து வந்தவை. மூட்டை சுமந்தது, இடித்துக்கொண்டது, பள்ளிக்கூடப் பை அழுத்தியது எல்லாம் தோள். உதரவிதானம் ஆயுளுக்கும் ஒன்றிரண்டு கடிதம் போட்டால் அதிகம். அதனால் அங்கிருந்து வரும் செய்தியையும் மூளை தோளின் கணக்கில் எழுதிவிடுகிறது. மாரடைப்பு இடது கையில் வலிப்பதும் இந்த வகைதான். இடம் மாறித் தெரியும் வலி என்று இதைச் சொல்லலாம். அந்த அம்மாவின் மகன் தைலம் தேய்த்தது கடிதம் எழுதாத ஊரில்.

இந்தப் பின்கோடு விஷயம் தெரிந்தால் வேறு இடத்திலும் உயிரைக் காப்பாற்றும். பைக் விபத்தில் வயிற்றில் அடிபட்டு, கொஞ்ச நேரத்தில் இடது தோள் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், மண்ணீரல் கிழிந்து ரத்தம் உதரவிதானத்துக்கு அடியில் தேங்கியிருக்கலாம். மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்று வலியோடு தோள் நுனியில் வலியும் தலைசுற்றலும் வந்தால், கருக்குழாயில் கரு தங்கி வெடித்திருக்கலாம். இரண்டுமே ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாத அவசரங்கள்.

யாருக்கு, எப்போது, எவ்வளவு நாள்?

இது அபூர்வமான தொல்லை அல்ல. ஆய்வுகளைப் பொறுத்து எண்ணிக்கை மாறினாலும், நூறு பேரில் முப்பத்தைந்து முதல் எண்பது பேர் வரை இது இருந்ததாகப் பதிவு செய்திருக்கிறார்கள். பித்தப்பை, குடல்வால், கருப்பை, சினைப்பைக் கட்டி, கருத்தடை என்று வயிற்றுக்குள் வாயு செலுத்திச் செய்யும் எந்த ஆபரேஷனிலும் வரலாம்.  கருப்பை தொடர்பான ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் இந்த வலியைப் பற்றி அதிகம் சொல்வதை வார்டில் கண்கூடாகப் பார்க்கிறோம்.

மயக்கம் தெளிந்தவுடன் பெரும்பாலும் தெரியாது. ஆபரேஷன் அறையில் கொடுத்த வலி மருந்து வேலை செய்துகொண்டிருக்கும், ஆளும் படுத்தே இருப்பார். அன்று மாலையோ மறுநாள் காலையோ எழுந்து உட்கார்ந்து காபி டம்ளரைக் கையில் வாங்கும்போது பிடிக்கும். முதல் இரண்டு நாள் உச்சத்தில் இருந்து, மூன்றாம் நாள் தணிந்துவிடும். சிலருக்கு ஒரு வாரம் இழுக்கும். ஒரு வாரத்துக்கு மேலும் குறையாமல் இருந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

ஆபரேஷன் அறையிலேயே செய்யக்கூடியது

இந்த வலியைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கு நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே முடிந்துவிடுகிறது. வாயுவின் அழுத்தத்தை 15-க்குப் பதிலாக 8 அல்லது 10-இல் வைத்துச் செய்தால் தோள்வலி குறைகிறது. ஆனால் அழுத்தம் குறைந்தால் உள்ளே இடமும் குறையும். உடல் பருமனானவர்களிடமும் சிக்கலான ஆபரேஷன்களிலும் அது ஆபத்து. சரியாகத் தெரியாமல் ஒரு குழாயை வெட்டிவிடுவதைவிடத் தோள் இரண்டு நாள் வலிப்பது மேல். ஆகையால் இது அறுவை மருத்துவர் உள்ளே பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டியது.

எல்லோருக்கும் செய்யக்கூடியது வாயுவை ஒழுங்காக வெளியேற்றுவது. எளிமையான ஒரு வழி இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து துளைகளை மூடுவதற்கு முன், மேசையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்துகிறார்கள். துளைகளின் வால்வுகள் திறந்திருக்கும். மயக்க மருந்து மருத்துவர் நுரையீரலுக்குள் ஐந்து முறை காற்றை நன்றாக அழுத்திக் கொடுக்கிறார், கடைசி முறை சில விநாடி நிறுத்திப் பிடிக்கிறார். நுரையீரல் விரிந்து உதரவிதானத்தைக் கீழே தள்ள, அதன் அடியில் ஒளிந்திருந்த வாயு துளைகள் வழியாக வெளியே வந்துவிடுகிறது. ஒரு நிமிட வேலை. கூடுதல் மருந்தோ கருவியோ தேவையில்லை. 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இப்படிச் செய்தவர்களில் தோள்வலி வந்தவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நுரையீரல் நோய் உள்ள சிலருக்கு மட்டும் இது ஏற்காது. இவ்வளவு எளிதான ஒன்று எல்லா ஆபரேஷன் அறைகளிலும் பழக்கமாகவில்லையே என்பது எனக்கு இன்றும் ஆதங்கம்.

சில மருத்துவர்கள் வயிற்றுக்குள் சலைன் ஊற்றி வாயுவை வெளியே தள்ளுகிறார்கள். சிலர் மரத்துப்போகும் மருந்தை உதரவிதானத்துக்கு அடியில் தெளிக்கிறார்கள். வாயுவைச் சூடாக்கி ஈரமாக்கிச் செலுத்தும் கருவிகளும் வந்தன. அவை வலியைப் பெரிதாகக் குறைக்கவில்லை.

வார்டிலும் வீட்டிலும்

இப்போது உங்கள் கையில் இருப்பதைப் பார்ப்போம். வலி பிடித்தவுடன் முதல் வைத்தியம் படுப்பது. பலரும் இதற்கு நேர்மாறாக, மூச்சு சுலபமாக வரட்டும் என்று தலையணைமேல் தலையணை வைத்து உட்கார்கிறார்கள். வாயு அப்படியே உதரவிதானத்துக்கு ஏறிவிடுகிறது. தலைக்கு மெல்லிய தலையணை ஒன்று போதும், முழங்காலுக்கு அடியில் ஒன்று வைத்தால் வயிற்றுத் தையல் இழுக்காது. பத்து இருபது நிமிடம் மட்டமாகப் படுத்துப் பாருங்கள். அப்படியும் குறையாவிட்டால், மருத்துவர் சம்மதித்தால், இடுப்புக்கு அடியில் ஒரு தலையணை கொடுத்துச் சிறிது நேரம் படுக்கலாம். வாயு அடிவயிற்றுப் பக்கம் நகரும். மூச்சிரைப்பு, இதய நோய், நெஞ்செரிச்சல் உள்ளவர்களும், இரைப்பையிலோ உணவுக் குழாயிலோ ஆபரேஷன் செய்தவர்களும் தாங்களாக இதைச் செய்ய வேண்டாம். அவர்களில் பலரைத் தலையை உயர்த்தியே படுக்கச் சொல்லியிருப்பார்கள், அதுதான் முக்கியம்.

நடந்தால் கேஸ் கலையும் என்று எல்லோரும் சொல்வார்கள், நாங்களும் சொல்கிறோம். நடக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. காலில் ரத்தம் உறையாமல் இருக்க, குடல் விழித்துக்கொள்ள, நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க நடைதான் மருந்து. ஆனால் எழுந்து நிற்கும்போது தோள் கூடுதலாக வலிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், நடந்ததால்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து அடுத்த முறை எழவே மாட்டார்கள். வார்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு நடை, வந்து கொஞ்சம் படுக்கை, மறுபடி ஒரு நடை. இப்படிப் பிரித்துக்கொண்டால் இரண்டும் நடக்கும்.

மூச்சை அடக்கிக்கொள்ளாதீர்கள். ஆழ்ந்து இழுத்தால் குத்துகிறது என்று மேலோட்டமாக மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தங்கும், காய்ச்சல் வரும். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து உறிஞ்சிப் பழகச் சொல்வோம். வலி மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். வயிற்றின்மேல் ஒரு சிறு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டால் இருமும்போதும் தையல் அதிராது.

வலி மாத்திரையை வலி முற்றிய பிறகு போடுவது நம் வழக்கம். “பொறுத்துக்கொள்கிறேன் சிஸ்டர், மாத்திரை அதிகம் போட்டால் உடம்புக்கு ஆகாது” என்று பெரியவர்கள் சொல்வார்கள். முதல் இரண்டு நாளுக்கு மட்டுமாவது, எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்த நேரத்துக்குப் போட்டுவிடுங்கள். பாராசிட்டமால்தான் பெரும்பாலும் அடிப்படை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது. வயதானவர்கள், ஒல்லியானவர்கள், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கு அளவு இன்னும் குறைவு. மருந்துக் கடையில் கிடைக்கும் பல வலி மாத்திரைகளில் பாராசிட்டமாலும் கலந்திருக்கிறது. அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு கூடிவிடும். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் இந்த வலிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், ஆஸ்துமா, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பது இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது.

தோளில் வெந்நீர்ப் பை வைக்கலாமா? வைக்கலாம். துணி சுற்றி, சூடு கையில் பார்த்து வைத்தால் இதமாக இருக்கும், காரணத்தைத் தீர்க்காது. தைலமும் அப்படித்தான். வயிற்றுத் துளைகளின் பக்கம் மட்டும் இரண்டும் போகக் கூடாது. சுளுக்கு எடுப்பவரிடம் போய்த் தோளை இழுத்துவிடச் சொல்வது வேண்டவே வேண்டாம். தோளில் சுளுக்கு இல்லை, இழுத்தால் புதிதாகத்தான் ஒன்று வரும். வயிற்றைப் பிசைந்து காற்றை இறக்குகிறேன் என்று யாராவது கிளம்பினாலும் விடாதீர்கள்.

இது அந்த வலிதானா?

மூத்த சிஸ்டர் அன்று தலையணையை எடுப்பதற்கு முன் நாடியைப் பார்த்தார், ஈசிஜி எடுக்க வைத்தார் என்று சொன்னேன் அல்லவா? அந்த வரிசைதான் நான் அவரிடம் கற்றுக்கொண்டதில் பெரியது. ‘கேஸ் வலிதான்’ என்ற வார்த்தை ஒரு நல்ல ஆறுதல், ஆனால் தவறான இடத்தில் சொன்னால் ஆளைக் கொன்றுவிடும். குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு நெஞ்சில் வலிக்காமல் தோளிலோ தாடையிலோ முதுகிலோ மட்டும் தெரியலாம்.

சாதாரண தோள்வலி படுத்தால் குறையும், எழுந்தால் கூடும், நாளுக்கு நாள் தேயும். இந்த மூன்றும் பொருந்தாவிட்டால் யோசியுங்கள். நெஞ்சில் பாறை வைத்ததுபோல அழுத்தம், குளிர்ந்த வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் உடனே சொல்லுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் காலில் ரத்தம் உறைந்திருக்கலாம், திடீரென்று மூச்சுத் திணறினால் அந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். பித்தப்பை எடுத்தவருக்குத் தோள்வலி குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போய், கூடவே காய்ச்சல், வயிற்று வலி, கண்ணில் மஞ்சள் தெரிந்தால் பித்த நீர் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பித்த நீரும் உதரவிதானத்தை உறுத்தும், மூளை அதையும் தோளின் கணக்கில்தான் எழுதும். முகம் வெளுத்து, தலை சுற்றி, நாடி வேகமாக ஓடினால் உள்ளே ரத்தக் கசிவு இருக்கலாம். வயிறு பலகைபோலக் கெட்டியாவதும், வாந்தி நிற்காததும் அவசரம்தான். வீட்டில் இருந்தால் 108-ஐ அழைத்துவிடுங்கள், ஆட்டோ தேடி நேரம் கடத்த வேண்டாம்.

தேதி குறித்தவுடன்

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது இந்த வலியைப் பற்றி நாங்களே சொல்ல வேண்டும். அவசரத்தில் பல இடங்களில் விட்டுப்போகிறது. அதனால் நீங்களே கேட்டுவிடுங்கள். “டாக்டர், ஆபரேஷனுக்குப் பிறகு தோள் வலிக்கும் என்று படித்தேன். முடிக்கும்போது காற்றை முழுவதும் எடுத்துவிடுவீர்களா? எனக்கு எந்த வலி மாத்திரை, எத்தனை மணிக்கு ஒருமுறை?” மயக்க மருந்து மருத்துவர் முதல்நாள் பார்க்க வரும்போதும் இதைச் சொல்லலாம். இப்படிக் கேட்டதற்காக எந்த மருத்துவரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

உங்களுக்கு இருக்கும் மூட்டுத் தேய்மானம், பழைய தோள் அடி, உறைந்த தோள் இவற்றையும் முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு வலிக்கும்போது புதியது எது, பழையது எது என்று பிரிக்க அது உதவும். நீங்கள் சாப்பிடும் இதய மாத்திரை, சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாத மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள்.

இன்னொருவருக்கும் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இரவு துணைக்குத் தங்கப் போகிறவருக்கு. வலி பெரும்பாலும் பகலில் மருத்துவர் சுற்றுக்கு வரும்போது வராது. விளக்கை அணைத்த பிறகு, நோயாளி தண்ணீர் குடிக்க எழுந்து உட்காரும்போதுதான் வரும். பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் மகளுக்கோ கணவருக்கோ எந்தத் தலையணையை எடுக்க வேண்டும், என்னென்ன இருந்தால் சிஸ்டரை உடனே எழுப்ப வேண்டும் என்று முன்னதாகவே சொல்லி வையுங்கள்.